சோற்றைக் குறைக்கத் துணை வேண்டும்!

"சோத்தைக் குறைக்கிறது பெரிய காரியமில்லக்கா. ஒருநாள் குறைச்சிடலாம், ரெண்டு நாள் குறைச்சிடலாம். பதினஞ்சாம் நாளு அந்த மனசு எங்க போயிடுதுன்னுதான் தெரியல!"

சின்னமனூரில் எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரி சொன்ன வார்த்தை இது. சென்ற இதழில் சர்க்கரை நோயைப் பற்றியும், மாவுச்சத்தைக் குறைப்பதைப் பற்றியும் எழுதியிருந்தேன். படித்தவர்களில் பலர் கேட்டதும் இதையேதான். "என்ன சாப்பிட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. விடாமல் செய்வது எப்படி?" நியாயமான கேள்வி. இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், அந்தப் பதினைந்தாம் நாள் ஏன் வருகிறது என்று பார்ப்போமா?

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நன்றாகக் குறைத்தவுடன் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு கிலோ குறைந்தாற்போல் தராசு காட்டும். நமக்கு ஒரே குஷி! ஆனால் போனதில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு கரைவது அதற்குப் பிறகுதான், அதுவும் மெள்ள மெள்ள. மூன்றாவது வாரத்தில் முள் அசையாமல் நிற்கும்போது, "இவ்வளவு பட்டினி கிடந்தும் பலனில்லையே" என்று மனசு விட்டுப்போகிறது. உண்மையில் அப்போதுதான் வேலையே ஆரம்பமாகிறது. இதை எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருந்தால் விட்டுவிடுவோமா?

எவ்வளவு குறைப்பது?

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு சோற்றைக் குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்! 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. இன்றைக்கும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிற மண் இது. சோறு நமக்குச் சாமி மாதிரி. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அளவைத்தான் சொல்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடி. அதே ஆராய்ச்சியின் உணவுக் கணக்கு 2025-ல் வந்தது. நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். புரதம் 12 சதவீதம்தான். 2022-ல் இதே குழுவினர் 18,090 பேருடைய சாப்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று சொன்னார்கள்.

சதவீதக் கணக்கு சமையலறைக்கு உதவாது. அதனால் நான் அதைக் கிண்ணக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். நாளொன்றுக்கு 1,600 கலோரி சாப்பிடும் பெண்ணுக்கு 62 சதவீதம் என்றால் சுமார் 248 கிராம் மாவுச்சத்து. 52 சதவீதம் என்றால் 208 கிராம். வித்தியாசம் 40 கிராம். அது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு சின்னக் கிண்ணம் சோறு! இட்லியாகச் சொன்னால் நான்கு இட்லி. நாள் முழுவதுக்கும் அவ்வளவுதான். அந்தக் கிண்ணத்தின் இடத்தில் ஒரு முட்டையோ, சுண்டலோ, மீனோ, கீரையோ வந்து உட்கார வேண்டும்.

"நான் சோற்றை விட்டுக் கம்பங்கூழுக்கு மாறிவிட்டேனே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பும் கேழ்வரகும் சோளமும் சத்தானவை, நார்ச்சத்து உண்டு. ஆனால் நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், இவற்றிலும் 65, 70 கிராம் இருக்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியை மட்டும் கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றினால் சர்க்கரை அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் அந்த 2025 ஆராய்ச்சி சொல்கிறது. கூழையும் செம்பு செம்பாகக் குடித்தால் கணக்கு கணக்குதான்.

பத்தியமா, பக்கத்துணையா?

"எந்தப் பத்தியம் நல்லது?" என்று பெரிய பெரிய சண்டையெல்லாம் நடக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்குக் கொழுப்பு குறைவு, இன்னொரு அணிக்கு மாவுச்சத்து குறைவு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் முதல் அணி சராசரி 5.3 கிலோ, இரண்டாவது அணி 6 கிலோ குறைந்திருந்தது. பெரிய வித்தியாசமில்லை என்று 2018-ல் எழுதிவிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இரண்டு அணியினருக்கும் அந்த ஒரு வருஷத்தில் 22 கூட்டங்கள் வைத்திருந்தார்கள்! எந்த அணியானாலும் கூடி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

கூடி உட்காருவதன் அருமையை ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி முன்பே கண்டுபிடித்துவிட்டார். நியூயார்க் நகரத்து ஜீன் நைடெட்ச் என்பவர். நகராட்சி மருத்துவ நிலையத்தில் சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்தார்கள். பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் ரகசியமாக பிஸ்கட் தின்கிற பழக்கத்தை யாரிடம் சொல்வது? 1961-ல் ஆறு தோழிகளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு மனம் விட்டுப் பேசினார். வாராவாரம் கூட்டம் பெருகிற்று. 1963-ல் அது ஒரு நிறுவனமாகவே ஆகி உலகமெல்லாம் பரவியது.

நம் தமிழ்நாட்டிலும் இது நடந்தது. நியாண்டர் செல்வன் என்பவர் தமிழில் பேலியோ உணவுமுறையைப் பரப்பினார். 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற பேஸ்புக் குழுவில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் தள்ளிவைத்து இறைச்சி, முட்டை, பாதாம், காய்கறி என்று போகும் கடுமையான முறை அது. டாக்டர்களில் ஆதரித்தவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. தினம் பாதாமும் வெண்ணெயும் வாங்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் வாஸ்தவம். ஆனாலும் அத்தனை பேர் அங்கே ஒட்டிக்கொண்டது எதனால்? "இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்க ஆள் இருந்தது. தன் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டவும், சந்தேகம் கேட்கவும் ஓர் இடம் இருந்தது.

குமுளி தாண்டினால் கேரளம். அங்கே திருவனந்தபுரம் மாவட்டத்தில் சர்க்கரை வரும் அபாயமுள்ள 1,007 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். முடிவு 2018-ல் வந்தது. பாதிப் பேருக்கு அறிவுரைத் தாள் மட்டும். மற்ற பாதிப் பேர் அக்கம்பக்கத்திலேயே சிறு சிறு குழுவாகக் கூடினார்கள். குழுவை நடத்தியது டாக்டரோ நர்ஸோ அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை நோய் வந்தவர்கள் குழுப் பக்கம் சற்றுக் குறைவு, ஆனால் அது உறுதியாகச் சொல்லும் அளவு வித்தியாசமில்லை. குழுவில் கூடியவர்கள் காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டார்கள். குடிப்பழக்கம் குறைந்தது. உடம்பில் தெம்பு கூடியது. ஆகவே கூட்டம் போட்டால் நோய் ஓடிவிடும் என்று நான் கதை சொல்ல மாட்டேன். பழக்கம் மாறுவதற்குக் கூட்டம் உதவும். அந்த அளவுக்கு நம்பலாம்.

எங்கள் திண்ணைக் கூட்டம்

மகளிர் சுய உதவிக் குழு நமக்குப் புதுசா என்ன? 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்து இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. வாரம் ஒருநாள் கூடிப் பணம் கட்டிக் கணக்கு எழுதுகிற பழக்கம் நம் கையில் இருக்கிறது. அதே வழக்கத்தில்தான் எங்கள் தெருவில் ஆறு பேர், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு திண்ணையில் கூடத் தொடங்கினோம். தையல்கார சகோதரி, திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் மதினி, மளிகைக் கடை அத்தாச்சி, இளம் தாய் ஒருத்தி, அறுபது வயசுப் பெரியம்மா, நான்.

முதல் கூட்டத்தில் அவரவர் ராத்திரி என்ன சாப்பிடுகிறோம் என்று பேச்சு வந்தது. ஆறு பேர் வாயிலும் ஒரே பதில்! வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறோம். அதற்குள் வெஞ்சனம் தீர்ந்துபோகும். சட்டியின் அடியில் குழம்பும், பானையில் சோறும்தான் மிச்சம். "மிஞ்சினா வீணாப் போகுமே" என்று அந்தச் சோற்றையே வயிறு முட்டச் சாப்பிடுகிறோம். போதாததற்குப் பிள்ளை வைத்த மிச்சம் வேறு.

சகோதரிகளே, யோசித்துப் பாருங்கள். ஆசைப்பட்டா நாம் சோற்றை அதிகம் சாப்பிட்டோம்? வேறொன்றும் மிஞ்சாததால் சாப்பிட்டோம்! இதற்கு மனக்கட்டுப்பாடு என்று நம்மையே திட்டிக்கொண்டால் தீருமா?

அன்றைக்குப் போட்ட முதல் தீர்மானம் இதுதான். அடுப்பிலிருந்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன், நம் பங்கு காயையும் முட்டையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைக்க வேண்டும். கேட்பதற்கு அற்பக் காரியமாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும், கை கூசும்! "எனக்கெடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தா மாமியா என்ன நெனைப்பாக?" என்றாள் மதினி. "இந்தத் தெருவுல ஆறு வீட்லயும் இன்னிக்கு எடுத்து வைக்கிறாகன்னு சொல்லு. நீ மட்டுமா செய்யிற?" என்றார் பெரியம்மா. அடுத்த வாரம் ஆறு பேரில் ஐந்து பேர் எடுத்து வைத்திருந்தார்கள். தனியாக இருந்தால் ஒருத்தியாவது செய்திருப்போமா?

நடுவில் ஒரு தடங்கலும் வந்தது. அத்தாச்சி தன் வீட்டு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, வாராவாரம் எல்லோரையும் நிறுத்தி எடையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காம் வாரம் அந்த இளம் தாய்க்கு அரைக் கிலோ ஏறியிருந்தது. "என்னத்தா, ராத்திரி ஒளிச்சு வச்சுத் தின்னியா?" என்று அவள் விளையாட்டாகக் கேட்க, திண்ணையே சிரித்தது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

பெரியம்மாதான் அவள் வீட்டுக்குப் போனார். எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ மொதல்ல உக்காந்து சாப்பிடு" என்றாராம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. குழந்தைக்கு இரண்டு வாரமாக உடம்பு சரியில்லை. அவளுக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. நேரத்துக்குச் சமைக்கவும் முடியவில்லை. கிடைத்த பிஸ்கட்டும் காபித்தண்ணியும்தான் ஆகாரம். தூக்கம் கெட்டால் பசி கூடும், இனிப்பு தேடும். இது உடம்பின் குணம், அவள் குற்றமல்ல. அன்றிலிருந்து இரண்டு வாரம் அவள் வீட்டுக் காய்கறியைத் தையல்கார சகோதரி நறுக்கிக் கொடுத்தாள். எடை மெஷின் அத்தாச்சி வீட்டுக்கே போய்விட்டது. மூன்றாவது ஞாயிறு அந்தப் பெண் திரும்ப வந்து உட்கார்ந்தாள். அத்தாச்சி தன் பக்கத்திலேயே அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.

நீங்களும் ஒரு குழு தொடங்குவதானால் எங்கள் பழக்கங்களில் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

* ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் பேச நேரம் கிடைக்க வேண்டும்.
* எடையை அவரவர் வீட்டில் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். கூட்டத்தில் கேட்பது ஒன்றே: "இந்த வாரம் எத்தனை நாள் கிண்ணம் எடுத்து வைத்தாய்?" எடை நம் கையில் இல்லை, கிண்ணம் நம் கையில் இருக்கிறது.
* எல்லோருக்கும் ஒரே அளவு கூடாது. வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கும் மதினிக்கும் மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கும் ஒரே சோறா? மதினி பகலில் சாப்பிட்டு ராத்திரியில் மட்டும் குறைக்கிறாள்.
* ஒருத்தி இரண்டு வாரம் வரவில்லையானால் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும், கேள்வி கேட்க அல்ல, கை கொடுக்க.
* திருவிழாவுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால் பத்தியமெல்லாம் பறந்துவிடும்! அன்றைக்கு ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கள். மறுநாள் காலையே பழைய கிண்ணத்துக்குத் திரும்பிவிட வேண்டும். கிடாவிருந்தா? கறியையும் குழம்பையும் தாராளமாகப் போட்டுக்கொண்டு சோற்றைக் கொஞ்சமாக வாங்கினால் பத்தியம் மாதிரியும் ஆச்சு, விருந்து மாதிரியும் ஆச்சு!

கிண்ணத்தில் என்ன வைப்பது?

பாதாம் வேண்டியதில்லை. உழவர் சந்தையில் கிடைக்கும் புடலை, பீர்க்கு, சுரை, அவரை, கத்தரி, முட்டைக்கோஸ், முருங்கைக்கீரை இவையே போதும். தேங்காய் நம் பள்ளத்தாக்கில் தாராளம், கொஞ்சம் துருவிப் போடுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, மாவுச்சத்து பேருக்குத்தான். வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி பசியை நன்றாகத் தாங்கும். சைவமானால் பாசிப்பயறு, தட்டப்பயறு, மொச்சைச் சுண்டல், மோர். பயறிலும் மாவுச்சத்து உண்டு. ஆகவே அது சோற்றுக்கு மேல் அல்ல, சோற்றுக்குப் பதில்.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர்த் திராட்சையை விட மனசு வராது. ஒரு சின்னக் கைப்பிடி சாப்பிடுங்கள். கொத்துக் கொத்தாக வேண்டாம், சாறாகப் பிழிய வேண்டாம்.

அவசியம் கவனியுங்கள்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்குக் கணக்காகக் கொடுத்தது. சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், மயக்கம் வரலாம். அந்நேரம் சுயநினைவோடு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எங்கள் பெரியம்மா டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொண்ட பிறகுதான் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தப் பத்தியத்தில் இறங்க வேண்டாம். ஆனால் அவர்களும் கிண்ணம் எடுத்து வைக்கலாம், சோற்றைக் குறைக்காமல்! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேளுங்கள். வளரும் பிள்ளைகளின் தட்டில் கை வைக்காதீர்கள்.

எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் பத்து மாதமாக விடாமல் செய்கிறோம். ஒருத்தி விட்டு விட்டுச் செய்கிறாள். ஒருத்தி பத்தியத்தையே விட்டுவிட்டாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறாள். அவளையும் வா என்றுதான் சொல்கிறோம். என்றைக்காவது மறுபடி தொடங்க மனசு வந்தால் இடம் இருக்க வேண்டுமல்லவா?

உங்கள் தெருவிலும் நான்கு பேர் இல்லாமலா போவார்கள்? கூப்பிட்டுப் பாருங்கள். அதுவரை இன்று ராத்திரி, பரிமாறும் முன் உங்கள் பங்கை எடுத்து மூடிவையுங்கள். அடுத்த இதழில் மோர், நீராகாரம், காபித்தண்ணி இவற்றைப் பற்றிப் பேசலாம்.